லிஸ்ட்ல பேரு இருக்கா?

ஜி.எஸ்.டி. சாலைத் தொழிற்சாலைகளும் கொரோனா தடுப்பூசியும்: 2021 மே மாதத்தின் தீராத கணக்கு

பொத்தேரி ஸ்டேஷனில் காலை ஐந்தே முக்கால் மணிக்கு இறங்கிப் பாருங்கள். எதிரே பல்கலைக்கழகம் இன்னும் போர்வைக்குள் இருக்கும். சாலையோர டீக்கடைகளில் மட்டும் பாய்லர் புகைந்துகொண்டிருக்கும். கம்பெனி பஸ்ஸுக்கும் வேனுக்கும் காத்து நிற்கிறவர்களின் முகத்தை விட்டுவிட்டுக் கழுத்தைக் கவனியுங்கள். அடையாள அட்டை தொங்கும் பட்டை ஒருவருக்கு ஒரு நிறம், பக்கத்தில் நிற்பவருக்கு வேறு நிறம். இரண்டு பேரும் ஒரே ஆலைக்குத்தான் போகிறார்கள். ஒரே லைனில் எதிரெதிரே நிற்பவர்களாகக்கூட இருக்கலாம். ஆனால் ஒருவர் பர்மனென்ட், மற்றவர் கான்ட்ராக்ட். பின்னால் கொட்டாவி விடும் பையன் டிரெய்னி, அவன் தோளில் சாய்ந்திருப்பவன் அப்ரன்டிஸ். எந்த நிறம் யாருக்கு என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நிறம் வேறு என்பது மட்டும் மாறாது.

சாதாரண நாட்களில் இந்த நிறத்துக்கு ஊக்கத்தொகை, கேன்டீன் டோக்கன், தீபாவளி போனஸ் என்று அர்த்தங்கள் உண்டு. 2021 மே மாதத்தில் அதற்கு இன்னொரு அர்த்தமும் சேர்ந்துகொண்டது. கம்பெனிக்குள் தடுப்பூசி முகாம் போடப்போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியதும் ஷெட்டுக்கு ஷெட் எழுந்த முதல் கேள்வி, ‘லிஸ்ட்ல நம்ம பேரு இருக்கா?’

கூடுவாஞ்சேரிக்கும் காட்டாங்கொளத்தூருக்கும் நடுவில் இருக்கும் பொத்தேரியை வெளியூர்க்காரர்கள் கல்லூரி ஊராகத்தான் அறிவார்கள். உள்ளே இருப்பவர்களுக்கு இது வேலைக்குப் போகிறவர்களின் ஊரும்தான். வடக்கே வல்லாஞ்சேரியில் ஐ.டி. வளாகம். தெற்கே அடுத்தடுத்த ஸ்டேஷன்களில் மறைமலைநகர் தொழிற்பேட்டை, பரனூரில் மஹிந்திரா வேர்ல்டு சிட்டி. சிங்கப்பெருமாள்கோவிலில் மேற்கே திரும்பினால் ஒரகடம், அங்கிருந்து ஸ்ரீபெரும்புதூர். கார், பைக், டயர், கண்ணாடி, உதிரிபாகம் என்று இந்த வளையத்தில் ஓடாத லைன் இல்லை. தொற்றுக்காலத்தில் ஒரு வேலைகொடுப்பவர் தன் ஆட்களுக்கும் ஊசிக்கும் நடுவே எப்படி நின்றார், எங்கே உதவினார், எங்கே கதவை மூடினார் என்று பார்க்க இதைவிடத் தோதான இடம் கிடைக்காது.

நாற்பத்தைந்து என்ற வேலி

நாட்டில் தடுப்பூசி போடத் தொடங்கியது 2021 ஜனவரி 16. முதலில் மருத்துவப் பணியாளர்கள், பிப்ரவரியில் முன்களப் பணியாளர்கள், மார்ச் 1 முதல் அறுபது தாண்டியவர்களும் இணைநோய் உள்ள 45 வயதுக்காரர்களும், ஏப்ரல் 1 முதல் 45 நிறைந்த எல்லோரும். ஏப்ரல் 11 முதல் பணியிடங்களிலேயே ஊசி போடலாம் என்று மத்திய அரசு அனுமதித்தது. தகுதியுள்ளவர்களாகவும் விருப்பமுள்ளவர்களாகவும் நூறு பேர் அளவில் இருந்தால் போதும். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவிடம் சொல்லி, அருகில் இருக்கும் தடுப்பூசி மையத்தோடு கம்பெனியை இணைத்துக்கொள்ளலாம். நிர்வாகத்தில் மூத்தவர் ஒருவர் பொறுப்பு அதிகாரியாக இருக்க வேண்டும். அரசு அலுவலகமென்றால் அரசு மையத்தோடு, தனியார் நிறுவனமென்றால் தனியார் மருத்துவமனையோடு.

காகிதத்தில் நல்ல திட்டம். ஆனால் ஜி.எஸ்.டி. சாலை ஆலைகளில் லைனில் நிற்கிறவர்களின் வயது என்ன? இருபதுகளும் முப்பதுகளும். ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்து நேராக வந்த பிள்ளைகள். 45 வயது நிறைந்தவர்கள் பெரும்பாலும் அலுவலகப் பக்கம், ஏசி அறையில். ஆக, ஏப்ரலில் பணியிட முகாம் என்று பெயர் வைத்துப் போட்டிருந்தாலும் அது மேனேஜர்கள் முகாமாகத்தான் இருந்திருக்கும். தோளோடு தோள் உரச நின்று போல்ட் முடுக்குகிறவனுக்கு அங்கே இடமில்லை.

அந்த வேலி மே 1-இல் விழுந்தது. பதினெட்டு வயது நிறைந்த யாரும் போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். ஆனால் அதே நாளில் வேறொரு வேலியும் எழுந்தது. 18 முதல் 44 வயதுவரை உள்ளவர்களுக்கான மருந்தை மாநில அரசுகளும் தனியார் மருத்துவமனைகளும் தாங்களே காசு கொடுத்து வாங்க வேண்டும். உற்பத்தியில் பாதி மத்திய அரசுக்கு, கால் பங்கு மாநிலங்களுக்கு, கால் பங்கு தனியாருக்கு. கையில் காசு இருந்தும் கடையில் சரக்கில்லாத நிலை. அரசு மையங்களில் விடியற்காலை டோக்கன் வரிசை. ‘ஸ்டாக் இல்லை’ என்ற ஆறெழுத்துப் பலகை, நோயைவிட வேகமாகப் பரவியது.

இந்தப் பின்னணியில்தான் மே மாதத்தின் கடைசிப் பத்து நாட்களைப் பார்க்க வேண்டும். மே 10 முதல் முழு ஊரடங்கு. அத்தியாவசியத் தொழில்களுக்கும் தொடர் உற்பத்தித் தொழில்களுக்கும் விலக்கு இருந்ததால், ஊர் அடங்கிக் கிடக்க ஆலைச் சங்கு மட்டும் ஊதிக்கொண்டிருந்தது. மே 20 அன்று முதல்வர் மு.க. ஸ்டாலின் திருப்பூரில், 18 முதல் 44 வயதினருக்கான தடுப்பூசியைத் தொடங்கிவைத்தார். பனியன் தொழிலாளர் நகரத்தை அதற்குத் தேர்ந்தெடுத்ததில் ஒரு செய்தி இருந்தது. தொழிற்சாலைத் தொழிலாளர்கள், கட்டடத் தொழிலாளர்கள், ஆட்டோ ஓட்டுநர்கள், பால், பத்திரிகை போடுகிறவர்கள், தெருவோர வியாபாரிகள், மாற்றுத்திறனாளிகள் என்று முன்னுரிமை வகுத்தார்கள். மறுநாள், மே 21, தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று. இரண்டாம் அலையின் உச்சி அதுதான்.

மே 24 அன்று இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையில் தொழிலாளர்கள் சிலர் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். ஆலை 25 முதல் 29 வரை மூடப்பட்டது. ஒரகடம் ரெனால்ட் நிசான் ஆலைத் தொழிற்சங்கம், லைனில் போதிய இடைவெளியே இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 26 முதல் வேலைக்கு வரமாட்டோம் என்றும் அறிவித்தது. அந்த ஆலையும் 30 வரை மூடிக் கிடந்தது. சம்பள உயர்வுக்காக இந்தப் பகுதியில் எத்தனையோ உள்ளிருப்புகள் நடந்திருக்கின்றன. பயத்துக்காக நடந்தது இதுதான்.

திருமணியின் பூட்டு

ஹூண்டாய் மூடிய அதே மே 25 அன்று முதல்வர் வேறோர் இடத்துக்குப் போனார். பொத்தேரியிலிருந்து மின்சார ரயிலில் ஐந்தாவது ஸ்டேஷன் செங்கல்பட்டு. அங்கே திருமணியில் சுமார் நூறு ஏக்கரில் ஒரு தடுப்பூசி உற்பத்தி வளாகம் நிற்கிறது. மத்திய அரசின் எச்.எல்.எல். நிறுவனத்தின் கிளையான எச்.எல்.எல். பயோடெக் கட்டியது. 594 கோடி ரூபாய் மதிப்பீட்டில் தொடங்கிய திட்டம்.

இது ஏன் வந்தது என்பது ஒரு சின்னக் கதை. 2008 ஜனவரியில், உற்பத்தித் தரம் போதவில்லை என்று கிண்டி பி.சி.ஜி. ஆய்வகம், குன்னூர் பாஸ்டர் நிறுவனம், இமாச்சலத்தின் கசௌலி ஆய்வகம் ஆகிய மூன்று அரசு நிறுவனங்களின் உரிமத்தையும் நிறுத்திவைத்தார்கள். குழந்தைகளுக்கான தடுப்பூசிக்குத் தனியாரை நம்பியே நிற்க வேண்டிய நிலை வந்து, பெரிய சர்ச்சையாகி, 2010-இல் அந்த உத்தரவு விலக்கப்பட்டது. பொதுத் துறையிலேயே நவீனமாக ஒரு தடுப்பூசி ஆலை வேண்டும் என்ற யோசனையின் பலன்தான் திருமணி. கட்டடம் எழும்பியது, எந்திரங்கள் வந்தன, உற்பத்தி மட்டும் வரவில்லை. நடத்த ஆள் வேண்டும் என்று கேட்டுப் பார்த்தும் சரியான கை அமையவில்லை. நீண்டகாலக் குத்தகைக்குத் தமிழ்நாடு அரசிடம் கொடுங்கள், நாங்கள் ஓட்டுகிறோம் என்று ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அந்த அலை ஓய்ந்தது. திருமணியிலிருந்து ஒரு கொரோனா குப்பிகூட வெளியே வரவில்லை.

ஊசிக்கு வழியில்லாமல் ஆலைகள் மூடிக் கிடந்த வாரத்தில், ஊசி செய்ய வேண்டிய ஆலையும் அதே வட்டாரத்தில் மூடிக் கிடந்தது. நானாகக் கற்பனை செய்து எழுதியிருந்தால் ஆசிரியர் ‘கொஞ்சம் ஓவர்’ என்று அடித்திருப்பார்.

பத்தாவது கை

ஜூனில் நிலைமை இளகியது. மே மூன்றாம் வாரத்திலேயே தொழிலாளர்களின் குடும்பத்தாரையும் பணியிட முகாமில் சேர்க்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். ஜூன் 21 முதல் முக்கால் பங்கு மருந்தை மத்திய அரசே வாங்கி மாநிலங்களுக்கு இலவசமாகக் கொடுத்தது. தனியாரில் கோவிஷீல்டு 780 ரூபாய், கோவேக்சின் 1,410 ரூபாய் என்று உச்சவரம்பு வந்தது. அதில் சேவைக் கட்டணம் 150-ஐத் தாண்டக் கூடாது. பெரிய கம்பெனிகள் மருத்துவமனைகளோடு பேசி முகாம் போட்டன. மறைமலைநகர் தொழிற்பேட்டையில் பத்துப் பதினைந்து ஆள் வைத்து லேத் ஓட்டுகிறவர் என்ன செய்வார்? நூறு பேருக்கு எங்கே போவார்? சங்கத்தின் பெயரில் நாலைந்து பட்டறை சேர்ந்தால் உண்டு. இல்லையென்றால் ‘தம்பி, பி.ஹெச்.சி.யில போய் போட்டுட்டு வா’ என்று அரை நாள் விட்டால் உண்டு. அந்த அரை நாளுக்குக் கூலி உண்டா என்பதில்தான் விஷயமே இருந்தது.

ஒரு முகாமைக் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். பெரும்பாலும் கேன்டீனில்தான். அப்போதைய சட்டப்படி 250 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் கேன்டீன் இருந்தாக வேண்டியிருந்தது. 500 பேரைத் தாண்டினால் ஆம்புலன்ஸ் அறை, செவிலியர் என்று ஏற்பாடுகளும் இருந்தாக வேண்டியிருந்தது. எனவே இடத்துக்குப் பஞ்சமில்லை. காத்திருக்க ஒரு பக்கம், ஊசி போட ஒரு மறைப்பு, போட்ட பிறகு அரை மணி நேரம் உட்கார ஒரு பக்கம். முதல் மேசையில் ஆதாரைப் பார்ப்பார்கள். அடுத்த மேசையில் லேப்டாப், கோவின் தளம். ஓடிபி வந்ததா, வரவில்லையா? ஆதாரில் இனிஷியல் பின்னால், கம்பெனிப் பதிவேட்டில் முன்னால், சரிபார்க்கிறவருக்குத் தலைவலி. பல மொழிகளில் கோவின் திறக்கப்பட்டபோது தமிழ் அதில் இல்லை; குரல் எழுந்த பிறகுதான் சேர்த்தார்கள். ஒரு செல்போன் எண்ணில் நான்கு பேரைப் பதியலாம் என்பதால், போன் இல்லாத ஒடிசா, பீகார்ப் பிள்ளைகளின் பெயர்கள் சூப்பர்வைசரின் எண்ணில் ஏறின. அவர்களின் ஓடிபியும் அவருக்கு, சான்றிதழும் அவருக்கு.

இப்போது குப்பிக்கு வருவோம். கோவிஷீல்டு குப்பி ஐந்து மில்லி. ஆளுக்கு அரை மில்லி, பத்துப் பேருக்கு. திறக்காதவரை இரண்டு முதல் எட்டு டிகிரிக் குளிரில் பத்திரமாக இருக்கும். முதல் ஊசி இறங்கிவிட்டால் நான்கு மணி நேரம்தான் கணக்கு; திறந்த நேரத்தைக் குப்பியிலேயே எழுதிவைப்பார்கள். மிச்சமிருந்தால் வீண். அதனால் செவிலியர் லேசில் திறக்க மாட்டார். ‘பத்து பேர் வந்துட்டாங்களா?’ என்று தலை நிமிர்ந்து கேட்பார். ஏழு பேர்தான் நிற்கிறார்கள். ஹெச்.ஆர். ஆள் போனை எடுத்துக்கொண்டு ஷாப்புக்கு ஓடுவார். அங்கே டார்கெட் ஓடுகிறது, லைனை நிறுத்த முடியாது. இரண்டு பேரைக் கெஞ்சிக் கூட்டி வருவார். ஒன்பது. பத்தாவது கைக்கு எங்கே போவது?

கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி, தட்டு கழுவுகிற அம்மா, டீ கொண்டுவந்த பையன், வெளியே வேனில் சாய்ந்து தூங்கும் டிரைவர். இவர்களில் யாராவது ஒருவர்தான் அந்தப் பத்தாவது கை. இவர்கள் யாரும் கம்பெனியின் ஆட்கள் அல்ல. செக்யூரிட்டி ஒரு ஏஜென்சி, கேன்டீன் ஒரு கான்ட்ராக்டர், வேன் இன்னொருவருடையது. லிஸ்டில் பெயரில்லாதவர்களுக்கு ஊசி கிடைத்த ஒரு வழி, லிஸ்டில் பெயர் இருந்தவர்கள் வராமல் போனதுதான். கையாளத் தெரிந்த செவிலியர் அதே குப்பியிலிருந்து பதினொன்றாவது டோஸையும் எடுத்துவிடுவார். தமிழ்நாடு மருந்தை வீணாக்குகிறது என்ற பழியிலிருந்து மீண்டது, அப்படி எடுத்த கூடுதல் டோஸ்களால்தான்.

சனிக்கிழமை ஊசி

லிஸ்டில் இருந்தும் வராதவர்கள் ஏன் வரவில்லை? அறியாமை என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்டுப் போவது எளிது. நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று ஊசி போட்டுக்கொண்டு, மக்களையும் போட்டுக்கொள்ளச் சொன்னார். 17 அன்று மாரடைப்பில் இறந்தார். ஊசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று மத்தியக் குழு அறிக்கை கொடுத்தது அக்டோபரில். நடுவில் போன ஆறு மாதம், தமிழ்நாட்டின் ஒவ்வொரு ஷிப்ட் வேனிலும் அந்த மரணம் பயணம் செய்தது. சர்க்குலர் ஒட்டி அதை இறக்கிவிட முடியாது.

அதைவிடப் பெரிய காரணம் காய்ச்சல். கோவிஷீல்டு போட்ட மறுநாள் உடம்பு அடித்துப்போட்டாற்போல் இருக்கும், பலருக்கும் அனுபவம். மாதச் சம்பளக்காரருக்கு அது ஒரு லீவு. தினக்கூலிக்கு ஒரு நாள் சோறு. வருகைப்பதிவு குறையாமல் இருந்தால் கிடைக்கும் ஊக்கத்தொகை, அந்த ஒரு நாளில் மொத்தமாகப் போய்விடும். ‘ஊசி இலவசம்’ என்று போர்டு வைத்தவர்கள் இந்தக் கணக்கைப் போடவில்லை. விவரம் தெரிந்த உற்பத்தி மேலாளர்கள் போட்டார்கள். ஒரே லைனில் எல்லோருக்கும் ஒரே நாளில் குத்தாதே, பாதி இந்த வாரம், பாதி அடுத்த வாரம். வார விடுமுறைக்கு முதல் நாள் ஷிப்ட் முடிந்து போடு. மறுநாள் எழ முடியாவிட்டால் சம்பளத்தோடு விடு. முதல் ஊசி லைன் லீடருக்கு. அவர் மறுநாள் சிரித்துக்கொண்டு வந்து நிற்பதைவிடப் பெரிய விளம்பரம் கிடையாது.

விடுமுறை நாள் கணக்கு அரசாங்கத்துக்கே புரிய வேண்டியிருந்தது. 2021 செப்டம்பர் 12, ஞாயிறு, தமிழ்நாட்டின் முதல் மெகா தடுப்பூசி முகாம். இருபது லட்சம் இலக்கு வைத்து இருபத்தெட்டு லட்சத்துக்கு மேல் போட்டுவிட்டார்கள். அடுத்தடுத்த ஞாயிறுகளும் நடந்தன. ஆனால் அக்டோபரில் முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். காரணத்தை அமைச்சர் மா. சுப்பிரமணியனே வெளிப்படையாகச் சொன்னார்: ஊசி போட்டால் கறி சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது என்று நம்புகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை வரத் தயங்குகிறார்கள். ஞாயிறு மட்டனை விட்டுக்கொடுக்காத ஊரோடு சண்டை போடாமல் கிழமையை மாற்றிய அந்த முடிவு எனக்குப் பிடிக்கும். ஆளின் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டு ஊசியை நகர்த்துவதுதான் முகாம் நடத்துவது. ஹெச்.ஆர். துறைகளும் அதைத்தான் செய்ய வேண்டியிருந்தது, சில செய்தன.

பிடித்தம் தெரிந்த பட்டியல்

கான்ட்ராக்ட் ஆட்களை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்டால் அந்த நாட்களில் வரும் வழக்கமான பதில், ‘அவங்க லிஸ்ட் எங்ககிட்ட இல்லீங்க, கான்ட்ராக்டர்கிட்டதான் கேக்கணும்.’

இது நிற்காத பதில். அன்றைய இ.எஸ்.ஐ. சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவருக்கு அது பொருந்தியது. தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். கான்ட்ராக்டர் மூலம் வந்தவராக இருந்தாலும், பணம் கட்டப்பட்டதா என்பதற்கு முதன்மை வேலையளிப்பவர்தான் பொறுப்பு. கான்ட்ராக்டர் கட்டாமல் ஓடிப்போனால் ஆலைதான் கட்ட வேண்டும். அதனால் எந்த ஒழுங்கான கம்பெனியும் மாதாமாதம் கான்ட்ராக்டரின் பில்லை விடுவதற்கு முன்னால் இ.எஸ்.ஐ. செலான், பி.எஃப். செலான் இரண்டையும் வாங்கிப் பார்க்கும். அதில் பெயர், காப்பீட்டு எண், எத்தனை நாள் வேலை, எவ்வளவு கூலி என எல்லாம் இருக்கும். சம்பளத்தில் பிடிக்கும்போது தெரிந்த பெயர், ஊசி போடும்போது மட்டும் எப்படித் தெரியாமல் போகும்?

சொந்த ஆள், கான்ட்ராக்ட் ஆள் என்ற இந்தக் கோட்டுக்கு அரசின் விதியும் மையூற்றியது. 2021 ஜூலை 28 அன்று, நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியைக் கொண்டு தனியார் மருத்துவமனைகளிலேயே பொதுமக்களுக்கு இலவச ஊசி போடும் திட்டத்தை முதல்வர் சென்னையில் தொடங்கினார். தனியாருக்கு ஒதுக்கிய கால் பங்கு மருந்து விலைபோகாமல் தேங்கியதால், அதைப் பத்து சதவீதமாகக் குறைத்துவிட்டு மீதியை எங்களிடம் கொடுங்கள் என்று தமிழ்நாடு கேட்டுக்கொண்டிருந்த நேரம் அது. இரண்டு நாள் கழித்து மத்திய கம்பெனி விவகார அமைச்சகம் ஒரு விளக்கம் கொடுத்தது: தடுப்பூசிச் செலவு சமூகப் பொறுப்புக் கணக்கில் சேரும், ஆனால் சொந்த ஊழியர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் செய்தது சேராது. நியாயமான விதி. சொந்த ஊழியருக்குச் செய்வது தர்மம் ஆகாது. அப்படியானால் கான்ட்ராக்ட் தொழிலாளி எந்தப் பக்கம்? போனஸ் கேட்கும்போது வெளியாள். அவருக்கு ஊசி போட்டுவிட்டுச் சமூகப் பொறுப்பு என்று படம் எடுத்துக்கொள்ளலாமா? இந்தக் கேள்வியை யாரும் முகத்துக்கு நேரே கேட்கவில்லை.

இரண்டாவது டோஸில் இந்தப் பட்டியல் சிக்கல் இன்னும் முற்றியது. மே 13-இல் கோவிஷீல்டு இடைவெளியைப் பன்னிரண்டு முதல் பதினாறு வாரமாக நீட்டினார்கள். 84 நாளுக்கு முன்னால் கோவின் கதவைத் திறக்காது. 84 நாளில் ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளி எத்தனை கேட் மாறியிருப்பார்? முதல் ஊசி ஒரகடத்தில், இரண்டாவது ஊசிக்கான குறுஞ்செய்தி முன்னாள் சூப்பர்வைசரின் போனில், ஆள் மகாபலிபுரம் சாலையில் ஒரு கட்டட வேலையில். கேரளத்தில் கிட்டெக்ஸ் ஆடை நிறுவனம் தன் தொழிலாளர்களுக்காகக் காசு கொடுத்து வாங்கி வைத்திருந்த இரண்டாவது டோஸை 84 நாள் காத்திராமல் போட அனுமதி கேட்டு உயர் நீதிமன்றம் போனது. 2021 செப்டம்பரில் தனி நீதிபதி, விரும்புகிறவர்கள் நான்கு வாரத்திலேயே போட்டுக்கொள்ளலாம் என்றார். மேல்முறையீட்டில் டிவிஷன் பெஞ்ச் அதை ரத்து செய்தது. மருந்தின் இடைவெளியை நிபுணர்கள்தான் வகுக்க வேண்டும், முதலாளியின் வசதிக்கு வளைக்க முடியாது என்பது சரியே. ஆனாலும் ஒரு முதலாளி நீதிமன்றம் வரை ஓடியதன் பின்னால் இருந்த அவசரம் ஜி.எஸ்.டி. சாலை ஹெச்.ஆர்.களுக்கு நன்றாகப் புரிந்திருக்கும்.

முதலாளி இல்லாத கடற்கரை

பொத்தேரியிலிருந்து வண்டலூர் போய், கேளம்பாக்கம் சாலையில் திரும்பினால் கோவளம். இங்கே லிஸ்ட் போட யாரும் கிடையாது. கடலுக்குப் போகிறவருக்குச் சம்பளம் இல்லை, பங்குதான். போட்டுக்காரரும் போட்டில் போகிறவரும் விடிகாலையில் ஒரே வலையை இழுக்கிறவர்கள். ஹெச்.ஆர். என்றால் என்னவென்று கேட்பார்கள்.

அப்போது வந்த செய்திகளின்படி, கோவளத்தில் பதினெட்டு வயது தாண்டியவர்கள் சுமார் 6,400 பேர். இரண்டு மாதத்தில் ஊசி போட்டுக்கொண்டவர்கள் 58 பேர். ஜூன் தொடக்கத்தில் எஸ்.டி.எஸ். அறக்கட்டளை வேறு சில அமைப்புகளோடு சேர்ந்து களமிறங்கியது. ஊசி போட்டால் பிரியாணிப் பொட்டலம், செல்போன் ரீசார்ஜ். குலுக்கலில் தங்கக் காசு, வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ், ஸ்கூட்டர். மூன்று நாளில் 345 பேர் வந்தார்கள்.

பிரியாணி கொடுத்து ஊசி போடுவதா என்று சென்னையில் சிலர் முகம் சுளித்தார்கள். எனக்கு அது தப்பாகத் தெரியவில்லை. கம்பெனிக்காரர் கொடுக்கும் ஒரு நாள் சம்பளத்தோடு கூடிய விடுப்பும் இந்தப் பொட்டலமும் ஒன்றுதான். ஊசி போட்டுக்கொண்டு கடலுக்குப் போகாமல் படுத்தால் அன்றைக்குப் பங்கு இல்லை. அந்த இழப்புக்கு யாரோ ஈடு கொடுத்தார்கள். கூடவே, வீடு வீடாகப் போய்ப் பேசினார்கள். பரிசைவிட அதுதான் வேலை செய்திருக்கும் என்பது என் எண்ணம்.

வேலைகொடுப்பவர் தன் சுற்றுச்சுவரைத் தாண்டிப் போன பழைய கதை ஒன்று உண்டு. 1974-இல் இந்தியாவின் கடைசிப் பெரியம்மைப் பரவல்களில் ஒன்று ஜாம்ஷெட்பூரைச் சுற்றி மூண்டது. வேலை தேடி வந்தவர்கள் டாடாநகர் ரயில் நிலையத்தில் ஏறி, நோயையும் எடுத்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் இளம் மருத்துவர் லாரி பிரில்லியன்ட் ஒரு ராத்திரியில் டாடா ஸ்டீலின் ரூசி மோடியின் வீட்டுக் கதவைத் தட்டினார். ஆலை நிர்வாகம் அதிகாரிகளையும் ஜீப்புகளையும் கொடுத்தது. ஆலைத் தொழிலாளிக்கு ஊசி போட்டதோடு நிற்காமல், சுற்றுப்பட்டுக் கிராமங்களில் வீடு வீடாகத் தேடினார்கள். 1975-இல் இந்தியாவில் பெரியம்மை ஓய்ந்தது. அங்கே யாரும் பட்டை நிறம் பார்க்கவில்லை; பார்த்தால் நோய் போகாது என்று தெரிந்திருந்தது. நிர்வாகத்துக்குப் பெருந்தன்மை இருந்ததா என்பது அவ்வளவு முக்கியமில்லை. உருக்காலையின் வேலிக்கு வெளியே அம்மை இருந்தால் உள்ளேயும் வரும் என்ற கணக்கு தெரிந்திருந்தது.

உதவியும் மிரட்டலும்

2021 நவம்பரில் தமிழ்நாட்டுப் பொது சுகாதாரத் துறை, ஊசி போட்டவர்களை மட்டுமே பொது இடங்களில் அனுமதிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அதற்குள் பல கேட்டுகளில் சான்றிதழ் காட்டாமல் உள்ளே விடுவதில்லை என்ற நடைமுறை வந்துவிட்டது. ஐந்து மாதத்துக்கு முன்னால் லிஸ்டில் இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவரிடமே இப்போது ‘சர்டிபிகேட் எங்கே?’ என்றால் அவர் என்ன செய்வார்?

2022 மே 2 அன்று, மருத்துவர் ஜேக்கப் புலியேல் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது. தன் உடம்பு மீதான உரிமை அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவில் அடங்கும். அதே சமயம், பொது நலனுக்காக அரசு நியாயமான கட்டுப்பாடுகள் விதிக்கலாம். ஆனால் தொற்று குறைந்திருக்கும் இந்த நேரத்தில் போடாதவர்களை மட்டும் ஒதுக்குவது பொருத்தமில்லை. அமெரிக்காவிலும் இதே தகராறு. நூறு பேரோ அதற்கு மேலோ வைத்திருக்கும் நிறுவனங்களில் ஊசி அல்லது வாராந்தரப் பரிசோதனை கட்டாயம் என்ற பைடன் அரசின் விதியை 2022 ஜனவரி 13 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது.

என்னைக் கேட்டால், கேட்டில் சான்றிதழ் கேட்க ஒரு நிறுவனத்துக்குத் தகுதி வர வேண்டுமானால், முதலில் கேட்டுக்குள் வரும் எல்லோருக்கும் அது ஊசிக்கு வழிசெய்திருக்க வேண்டும். நேரம், கூலி, மறுநாள் காய்ச்சலுக்கு விடுப்பு, இந்தியிலோ ஒடியாவிலோ பேச ஒரு ஆள், இரண்டாவது டோஸை நினைவுபடுத்த ஒரு போன். இத்தனையும் கொடுத்த பிறகும் வேண்டாம் என்றால் அது அவர் முடிவு.

பதிவேட்டின் கடைசிக் கட்டம்

மறைமலைநகரில் ஆலை வைத்திருந்த ஃபோர்டு நிறுவனம் 2021 செப்டம்பர் 9 அன்று இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தது. முதல் டோஸுக்கும் இரண்டாவது டோஸுக்கும் நடுவில் இருந்தவர்கள் அங்கேயும் சுற்றியிருந்த உதிரிபாகப் பட்டறைகளிலும் இருந்திருப்பார்கள். அடுத்த ஆண்டு கடைசிக் கார் இறங்கியது. இப்போது அதே இடத்தில் எஞ்சின் தயாரிக்க 3,250 கோடி ரூபாய் முதலீட்டுக்கு 2025 அக்டோபரில் ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். புதிய ஆட்கள் வருவார்கள், புதிய பட்டைகள் தொங்கும், புதிய லிஸ்ட் எழுதப்படும்.

1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின்கீழ் ஒவ்வொரு கான்ட்ராக்டரும் ஒரு பதிவேடு வைத்திருக்க வேண்டும் என்று விதி இருந்தது. படிவம் 13. வரிசை எண், பெயர், வயது, தகப்பனார் அல்லது கணவர் பெயர், வேலை, சொந்த ஊர் முகவரி, தங்கியிருக்கும் இடம், சேர்ந்த தேதி, கையெழுத்து அல்லது கைரேகை, நின்ற தேதி, நின்ற காரணம். அதோடு முடியவில்லை. வலது ஓரத்தில் ‘குறிப்பு’ என்று இன்னொரு கட்டம் உண்டு. பக்கம் பக்கமாகப் புரட்டினாலும் பெரும்பாலும் அதில் எதுவும் எழுதியிருக்காது. முதல் டோஸ் தேதியும் இரண்டாவது டோஸ் தேதியும் எழுத அந்த அகலம் போதும்.